அந்தியேட்டிக்காக நின்ற அண்ணை

எங்கள் உறவில் கோட்டுக்குப் போகாத ஆண்பிள்ளை ஒருவரும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. மல்லாகத்தில் இருந்த நீதிமன்றத்தைத்தான் எங்கள் பக்கத்தில் கோடு என்போம். இணுவிலில் எங்கள் வளவுக்கு நாலு பக்கமும் வேலி; ஒவ்வொரு வேலிக்கும் ஒவ்வொரு வழக்கு. வேலி அடைக்கிற காலத்தில் ஒருவர் கதியால் கம்பைக் கொஞ்சம் தள்ளி நட்டுவிடுவார். மற்றவர் அன்றைக்கே சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, வழக்குப் போடப் பிரக்கிராசியார் என்கிற வக்கீல் வீட்டுக்குப் புறப்பட்டுவிடுவார். கைகலந்து மண்டையை உடைத்துக்கொள்ளும் ஊர்கள் இதைவிட மேல் என்று எனக்குச் சில வேளை தோன்றியதுண்டு. மண்டைக் காயம் ஒருநாள் ஆறிவிடும் அல்லவா?

அம்மாவின் தம்பி, நாங்கள் அம்மான் என்று கூப்பிடுகிறவர், இந்தக் கோட்டு விளையாட்டில் பெயர் எடுத்தவர். கிழக்கு வேலி வழக்கில் மல்லாகத்தில் தோற்றார். கொழும்புக்கு அப்பீல் எடுத்தார், வென்றார். வென்ற நிலத்தில் பாயை விரித்துப் படுத்தால் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகு அவருக்கு ஒரே நம்பிக்கைதான்: கீழ்க் கோடு பிழை விட்டால் மேல் கோடு திருத்தும், கோடு எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு நியாயமும் பெரிது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. மாமியும் முந்தியே போய்விட்டார். அதனால் எங்கள் வீட்டிலேயே பாதி நாள் இருப்பார். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. நடுநிலையாகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

வீட்டில் பிள்ளைகள் நாங்கள் இரண்டே பேர், அண்ணையும் தங்கை நானும். யுத்தம் வந்ததும் அண்ணை பட்டாளத்தில் சேர்ந்து திருகோணமலையில் பீரங்கிப் படையில் இருந்தார். சப்பான்காரன் அங்கே குண்டு போட்ட பிறகு படையில் எல்லாருக்கும் பிடரியில் பயம் ஏறியிருந்தது. பாதிப் பேர் லீவில் போய்த் திரும்பி வரவில்லை என்று மேலதிகாரிகள் கொதித்துப்போய் இருந்தார்களாம். அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் தகப்பன், ஐயா, செத்துப்போனார். புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவர், நெஞ்சு நோகுது என்று கிணற்றுக் கட்டில் இருந்தவர், எழும்பவில்லை.

தந்தி போய் அண்ணை வந்தார். ஒரு கிழமை, ஏழு நாள்தான் லீவு. கூடவே அவருடைய படையில் இருந்த கோப்பாய்க்காரர் ஒருவரும் தன் வீட்டுக்கு லீவில் வந்திருந்தார். அண்ணை தலையை மழித்துக் கொள்ளி வைத்தார். எட்டாம் நாள் படைக்கிற எட்டுச் செலவும் முடிந்தது. மறுநாள் காலை ரெயிலுக்குப் போக வேண்டும். அண்ணையின் பெட்டியை நான்தான் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அம்மா கேட்டார். அழுதுகொண்டு கேட்கவில்லை, அரிசி இருக்கிறதா என்று கேட்பதுபோலத்தான் கேட்டார்.

"நீ போனால் அந்தியேட்டி ஆர் செய்யிறது, மோனை?"

வெளியூர்க்காரருக்கு இது விளங்குவது கடினம். எங்களில் ஒருவர் செத்து முப்பத்தொராம் நாள், கொள்ளி வைத்த மகன் கீரிமலைக்குப் போய், கடற்கரைக் கேணியில் முழுகி, ஐயரை வைத்து அந்தியேட்டி செய்ய வேண்டும். அது வரைக்கும் செத்தவர் போய்ச் சேரவில்லை. கொள்ளி வைத்தது பாதி வேலை. மீதியைச் செய்யாமல் விட்டால் ஐயா வழியில் நிற்பார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். நானும் நினைத்தேன். இன்று கேட்டாலும் இல்லை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

நான் அடுக்கிய பெட்டியை அண்ணை மூடி மூலையில் தள்ளி வைத்தார். பிறகு, "நான் நிக்கிறன், அம்மா" என்றார்.

லீவை நீட்டித் தரச் சொல்லி முகாமுக்கு எழுதிப் போட்டார். பதில் வரவில்லை. கோப்பாய்க்காரர் தன் லீவு முடிந்து திரும்புமுன் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் ஒரு முறை லீவு பிந்திப் போய்த் தண்டனை வாங்கியவர். அதனால் சுற்றி வளைக்காமல் நேரே சொன்னார்.

"நில் மச்சான். தேப்பனுக்குச் செய்யத்தான் வேணும். ஆனால் முடிஞ்ச கையோடை நீயாப் போய் நில்லு. பொலிசு வந்து பிடிச்சால் கதை வேறை. நீயாப் போனால் கேணல்தான் விசாரிப்பார். அவருக்கு மிஞ்சி மிஞ்சி இருபத்தெட்டு நாள்தான் போடலாம். அதுக்கு மேலை அவர் விரும்பினாலும் போடேலாது. போடுறதுக்கு முன்னம், நான் தாறதை ஏற்கிறியா, கோட் மார்ஷலுக்குப் போறியா எண்டு கேப்பார். கட்டாயம் கேக்கோணும், அது சட்டம். ஏற்கிறன் எண்டு சொல்லு. அவ்வளவுதான்."

அம்மான் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். பட்டாளத்து நீதிமன்றத்துக்குப் பெயரான கோட் மார்ஷல் என்ற சொல்லில் கோடு இருந்தது அவருக்குப் போதும்.

"அதிலை எத்தினை நீதவான்?"

"மூண்டு ஒபிசர்மார்."

"சாட்சி கேப்பினமோ?"

"கேப்பினம்."

"பிரக்கிராசியார் போகலாமோ?"

"ஒருத்தரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் எண்டுதான் சொல்லினம்."

"பிறகென்ன? மூண்டு பேர் இருந்து சாட்சி கேட்டுத் தீர்ப்புச் சொல்லுற கோடு இருக்கேக்கை, ஒருத்தன்ரை வாயிலை வாறதுக்கு ஓம் எண்டு தலையை ஆட்டிறதோ?"

கோப்பாய்க்காரருக்கு முகம் மாறியது. "அந்தக் கோட்டுக்கு ரெண்டு வருசம் மட்டும் போடலாம். கேணலுக்கு இருபத்தெட்டு நாள்தான்" என்றார்.

"கூடப் போடலாம் எண்டால் கூடப் போடுவினம் எண்டே அர்த்தம்?" அம்மான் சிரித்தார். "அதிகாரம் கூடின கோடுதான் ஞாயத்தையும் கூடக் கேக்கும். தேப்பனுக்கு அந்தியேட்டி செய்ய நிண்டவனை எந்தக் கோடு தண்டிக்கும்? அப்பிடித்தான் தண்டிச்சாலும் அப்பீல் இருக்கு."

முற்றத்தில் இருந்த சொந்தக்காரர் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். மல்லாகத்துப் படிகளில் ஏறி இறங்கிக் கால் தேய்ந்த கூட்டம் அல்லவா? அவர்களுக்கு அது வேதவாக்கு மாதிரி இருந்தது. குறைந்த தண்டனை மட்டும் போடக்கூடிய கையில் தலையைக் கொடுப்பதுதான் பத்திரம் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. எங்கள் ஊர் ஆட்கள்தான் இப்படிப் பிழை விடுவார்கள். வேறு எவரும் வாயை மூடிக்கொண்டு இருபத்தெட்டு நாளை வாங்கிக்கொண்டு வந்திருப்பார்கள்.

முப்பத்தொராம் நாள் அண்ணை கீரிமலையில் முழுகி எல்லாம் ஒழுங்காகச் செய்தார். அடுத்த நாள் காலை பட்டாள உடுப்பைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். மழித்த தலை கொஞ்சம் கறுத்திருந்தது. தொப்பி பெரிதாகிவிட்டதுபோல் காதில் இறங்கி நின்றது. சுன்னாகம் ரெயில் ஸ்ரேசன் மட்டும் அம்மானும் கூடப் போனார். வாசல் படலையடியில் நின்று பார்த்தேன். அம்மான் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டு போவதும், அண்ணை இடைக்கிடை தலையை ஆட்டுவதும் தெரிந்தது. ஐயா இல்லாத வீட்டில் தாய்மாமன் சொல்லைத் தட்டுகிற ஆள் அண்ணை இல்லை.

அங்கே நடந்ததைக் கோப்பாய்க்காரர் பிறகு வந்து சொன்னார். அன்று அண்ணையை உள்ளே கூட்டிக்கொண்டு போன காவலில் அவரும் ஒருவர். தொப்பியைக் கழற்றச் சொல்லி, கடுகதியில் நடத்திக் கொண்டுபோய்க் கேணலுக்கு முன்னால் நிறுத்தினார்களாம். எதற்காக நின்றாய் என்று கேணல் கேட்டார். அண்ணை சொன்னார். மழித்த தலையைக் கேணல் கொஞ்ச நேரம் பார்த்தாராம். பிறகு, என் தண்டனையை ஏற்கிறாயா, கோட் மார்ஷலுக்குப் போகிறாயா என்று வழமைப்படி கேட்டார்.

"கோட் மார்ஷல், சேர்."

கேணல் இன்னொரு தரம் கேட்டாராம். அண்ணை அதையே திரும்பச் சொன்னார். தான் பின்னால் நின்று பூட்சுக் காலால் அண்ணையின் குதிக்காலை இடித்ததாகக் கோப்பாய்க்காரர் சொன்னார். அண்ணை அசையவில்லை. கேணல் பேனையை மூடி வைத்துவிட்டார்.

விசாரணைக்கு அம்மான் மல்லாகத்துப் பிரக்கிராசியாரைக் கூட்டிக்கொண்டு திருகோணமலைக்குப் போனார். மாகோவில் ரெயில் மாறி, இரவெல்லாம் விழித்து, கசங்கிய கறுத்தக் கோட்டுச் சட்டையோடு பிரக்கிராசியார் போய் இறங்கினார். ஒரு நீட்டு மேசை, அதன் மேல் படைக் கம்பளி விரித்திருந்தது, பின்னால் மூன்று ஒபிசர்மார். நடுவில் இருந்த மேஜர்தான் தலைவர். எங்கள் பிரக்கிராசியார் எழும்பி, மல்லாகத்தில் எந்த வழக்கிலும் முதலில் செய்வதைச் செய்தார். வழக்கைத் தள்ளிவைக்கத் தவணை கேட்டார். கீரிமலை ஐயரைச் சாட்சிக்குக் கொண்டுவர வேண்டும், ஒரு மாதம் போதும் என்றார். மேஜர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, வழக்கு இப்போதே நடக்கும் என்றாராம். தவணை இல்லாத கோடு ஒன்று இந்த உலகத்தில் இருக்கும் என்று பிரக்கிராசியார் நினைத்திருக்கவே மாட்டார். கொண்டுவந்த கடதாசிகளைக் கட்டிவைத்துவிட்டு இருந்துவிட்டார்.

திரும்பிப் போகிற எண்ணமே இல்லாமல் படையை விட்டு ஓடினார் என்பது ஒரு குற்றச்சாட்டு. லீவு இல்லாமல் நின்றார் என்பது மற்றது. மேஜர் அண்ணையைக் கேட்டது ஒரே கேள்விதான். தகப்பனை எரித்து நாலு கிழமை ஆன பிறகு, எந்தச் சடங்குக்காக நின்றாய்? மொழிபெயர்த்தவன் தெற்குப் பக்கத்து ஆள். அந்தியேட்டி என்றதை இன்னொரு செத்தவீடு என்று சொல்லிவிட்டான்.

"உன் தகப்பன் இரண்டு முறை செத்தாரா?" என்று மேஜர் கேட்டாராம். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார் என்று அம்மான் அடித்துச் சொன்னார். என்ன பயன்? கேலிக்காவது பதில் சொல்லலாம்.

மத்தியானத்துக்கு முன் எல்லாம் முடிந்துவிட்டது. எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு மூவரும் கதைத்தார்கள். திரும்பக் கூப்பிட்டார்கள். தீர்ப்பைச் சொல்லவில்லை. அண்ணையின் நடத்தை எப்படி, எத்தனை வருட சேவை என்று கேட்டு எழுதிக்கொண்டு, கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள்.

அம்மான் வீட்டுக்கு வந்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கலியாணப் பேச்சு முற்றாக்கி வந்தவர்போல வந்தார்.

"அக்கா, தீர்ப்பை ஒத்திவைச்சிருக்கினம்! எங்கடை பக்கத்து ஞாயம் அவையளை யோசிக்க வைச்சிட்டுது. தண்டிக்கிறது எண்டால் அதிலையே சொல்லியிருப்பினம். கிழக்கு வேலி வழக்கிலையும் இப்பிடித்தான் ஒத்திவைச்சவங்கள்."

அம்மா அன்று பின்நேரமே கந்தசுவாமி கோயிலில் அருச்சனை செய்வித்தார். நான் வீட்டைக் கூட்டி, அண்ணையின் பாயை வெயிலில் போட்டேன். சந்தோசமாக இருந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இல்லை. அதுதான் எங்கள் வீட்டில் கடைசியாக வந்த சந்தோசம்.

கொஞ்ச நாளில் கோப்பாய்க்காரர் வந்தார். அம்மா ஓடிப்போய் மோர் கொண்டுவந்தார். அவர் வாங்கவில்லை.

"அம்மா, அங்கை வழக்கம் வேறை. குற்றமில்லை எண்டால்தான் அந்த இடத்திலை சொல்லி விடுவினம். ஒண்டும் சொல்லாமல் அனுப்பினால் குற்றவாளி எண்டுதான் கருத்து. தண்டனையை மேலை ஒரு பெரியவர் பாத்துச் சரி எண்டு சொல்லும் மட்டும் வாய் திறக்கமாட்டினம். போன கிழமை எல்லாரையும் வரிசையிலை நிப்பாட்டி வாசிச்சவை."

ஓடினார் என்ற குற்றம் நிற்கவில்லை. லீவில்லாமல் நின்ற குற்றத்துக்கு ஒரு வருடம் போட்டிருந்தார்கள். மேலே இருந்த பெரியவர் அதை ஒன்பது மாதமாகக் குறைத்தாராம். லீவில் போய் வராதவர்களுக்கு இது ஒரு பாடமாக இருக்கட்டும் என்று அதில் எழுதியிருந்ததாம். அண்ணை தானாகத் திரும்பிப் போனவர். அவரை வைத்து யாருக்குப் பாடம் படிப்பித்தார்களோ!

அம்மான் அசையவில்லை. "அப்பீல் எடுப்பம்" என்றார்.

அடுத்த நாளே பிரக்கிராசியார் வீட்டுக்குப் போனார். அவர் யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய அத்துவக்காத்தை, மேல் கோட்டு வக்கீலை, போய்ப் பார்க்கச் சொன்னார். அங்கேயும் போனார். படைப் பெரியவருக்கு ஒரு விண்ணப்பம் எழுதலாம், ஆனால் அவர் ஏற்கெனவே குறைத்துவிட்டார், அதற்கு மேலே போய்க் கேட்கக் கோடு இல்லை என்று அத்துவக்காத்து கையை விரித்துவிட்டார். அம்மான் திரும்பி வந்து படலையைத் திறந்துகொண்டு நின்றார், உள்ளே வரவில்லை.

"மேலை ஒண்டும் இல்லையாம்" என்றார்.

அம்மாவுக்கு அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. "நான்தானே கேட்டனான், நான்தானே கேட்டனான்" என்று வேலைக்கிடையில் சொல்லிக்கொண்டே இருப்பார். உண்மையாகக் கேட்டது அவர்தான். ஆனால் ஒரு தாய் கேட்கக்கூடாத எதைக் கேட்டுவிட்டார்? மாரி தொடங்கியபோது காய்ச்சல் பிடித்தது. தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கு வண்டியில் கொண்டுபோனோம். நெஞ்சில் சளி கட்டிவிட்டது, வர வேண்டியவர்களுக்குச் சொல்லி அனுப்புங்கள் என்று டொக்டர் என்னிடம் சொன்னார். வர வேண்டியவர் ஒரே ஒருவர்தான்.

அம்மான் முகாமுக்குத் தந்தி அடித்தார். கோப்பாய்க்காரர் கேணலிடம் நேரே போய்க் கேட்டுவிட்டு, இரண்டு நாள் லீவு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்தார். வெளியே வேப்பமரத்தடியில் நானும் அம்மானும் நின்றோம்.

"கேணல் என்ன சொன்னவர்?" அம்மான் கேட்டார்.

"தன்ரை காம்பிலை இருந்தால் இந்த நிமிசமே அனுப்பியிருப்பாராம். இப்ப அவன் சிறைக்காரன்ரை பொறுப்பு. தன்ரை கை அங்கை எட்டாதாம். அவைக்கு எழுதிப் போட்டிருக்கிறாராம். அவை விடமாட்டினம் எண்டும் சொன்னவர்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நல்ல மனிதர், ஆனால் மனதில் இருந்ததைக் கொட்டாமல் இருக்க அவரால் முடியவில்லை.

"அண்டைக்கு அவனுக்கு ஒரு கிழமை காம்ப் வாசலைத் தாண்டக்கூடாது எண்டு மட்டும்தான் போட நினைச்சவராம். தலையைப் பாத்த உடனை விளங்கிட்டுதாம். கோட் மார்ஷல் எண்டு அவன் சொன்ன பிறகு தனக்கு ஒண்டும் செய்ய அதிகாரம் இல்லாமல் போட்டுதாம். ஏன் அப்பிடிக் கேட்டவன் எண்டு என்னட்டைக் கேட்டவர். நான் என்னத்தைச் சொல்ல?"

அம்மான் சால்வையை வாயில் வைத்துக்கொண்டு மரத்தோடு சாய்ந்தார். நான் அவரைப் பிடிக்கவில்லை. விழட்டும் என்றுதான் நின்றேன்.

அம்மா அடுத்த நாள் போய்விட்டார். கடைசி வரை வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பெண் பிள்ளை சுடலைக்குப் போவதில்லை. அதனால் நான் படலையோடு நின்றுவிட்டேன். ஐயாவின் தம்பி மகன் தலையை மழித்துக் கொள்ளி வைத்தார். முப்பத்தொராம் நாள் கீரிமலைக்கும் அவர்தான் போனார். குறை ஒன்றும் விடவில்லை. ஆனால் எந்த அந்தியேட்டிக்காக அண்ணை சிறைக்குப் போனாரோ, அதே சிறையால் அம்மாவின் அந்தியேட்டி அவர் கையை விட்டுப் போனது. இதை எந்தக் கோட்டில் போய்ச் சொல்வது?

அண்ணை மாசி மாதம் வந்தார். படையிலிருந்து விலக்கிவிட்டார்கள். முடி வளர்ந்திருந்தது. அம்மா செத்தது அவருக்குத் தெரியும். சிறையில் சாவுத் தந்தியை வாசித்துக் காட்டினார்களாம். வந்ததும் நேரே கிணற்றடிக்குப் போய்க் குளித்தார். பிறகு யார் செய்தது, எந்த ஐயர் என்று என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். சொன்னேன். கேட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். அம்மானைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. நான் இரண்டு பேருக்கும் சேர்த்துத் திட்டினேன். "விடு பிள்ளை" என்பார், அவ்வளவுதான்.

அம்மான் அதற்குப் பிறகு கோட்டுப் பக்கம் போகவில்லை. கிழக்கு வேலிக்காரன் கதியாலை எங்கள் பக்கம் நன்றாகத் தள்ளி நட்டான். அம்மான் பார்த்துக்கொண்டு இருந்தார். இரண்டு வருடம் கழித்து அவரும் போய்ச் சேர்ந்தார். பிள்ளையும் இல்லை, தமையன் தம்பி மக்களும் இல்லை. கொள்ளி வைக்க மருமகன்தான் இருந்தார். எங்கள் அண்ணை மறுபடி தலையை மழித்தார்.

முப்பத்தொராம் நாள் கீரிமலைக்குப் போனார். லீவு கேட்க யாரும் இல்லை, எவனும் தேடி வரப்போவதும் இல்லை. மத்தியானம் ஈர வேட்டியோடு திரும்பி வந்து இருந்தார். நான் இலை போட்டுச் சோறு வைத்தேன்.

"எல்லாம் சரியாச் செய்தனீங்களோ, அண்ணை?"

"ஓம். ஒரு குறையும் இல்லை."

சோற்றைப் பிசைந்தார்.

"அம்மாவுக்கும் சேத்துச் செய்யலாமோ எண்டு ஐயரைக் கேட்டனான்" என்றார். "அது அப்பவே முடிஞ்சுதாம். முடிஞ்சதைத் திரும்ப எடுக்கேலாதாம்."

பிறகு இலையை அப்படியே மடித்துவிட்டு எழும்பிக் கை கழுவப் போனார்.